கந்தல் மூட்டையில் வந்த பொன்துணி

தலைநகரத்து அருங்காட்சியகத்தின் மாடியில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்த ஒரு கூடம் இருக்கிறது. பழைய மலாய்த் துணிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் விரித்து வைத்திருக்கிறார்கள். பட்டு, பருத்தி, பொன்னிழை கலந்தது, பொன் தகட்டால் பூ அச்சிட்டது என்று பலவகை. நாட்டின் பொக்கிஷம் என்று அரசாங்கம் அறிவித்துச் சட்டம் போட்டுக் காக்கிற துணிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் கீழே அதை உடுத்திய பெண்ணின் பெயர் இருக்கிறது. கூடத்து வாசலில் 'ஜெய்னம்பு தொகுப்பு' என்று எழுதியிருக்கிறது.

அந்த ஜெய்னம்பு யார் என்று கேட்பவர்கள் குறைவு. யாரோ அரச குடும்பத்துச் சீமாட்டி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு போகிறார்கள். அவள் மலாயாவின் தெற்கே லாயாங் லாயாங் என்ற சிற்றூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு துணிக்கடையின் பின்கட்டில் கந்தல் பிரித்துக்கொண்டிருந்தவள்.

பிறந்தது மூவாரில். வாப்பா தோப்புத்துறையிலிருந்து கப்பலேறி வந்த வியாபாரி. உம்மா மூவார் மலாய்க்காரி. அதனால் வீட்டில் இரண்டு பேச்சும் உண்டு. வாப்பாவோடு தமிழ், உம்மாவோடு மலாய், கோபம் வந்தால் இரண்டும். உம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். வாப்பாவும் மௌத்தானபோது ஜெய்னம்புவுக்குக் கல்யாண வயது. வாப்பாவின் கூட்டாளிகள் சேர்ந்து 1911இல் அவளைத் தோப்புத்துறை ஆதமுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆதமுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதை யாரும் அவளிடம் மறைக்கவில்லை. "நல்ல மனுசன், கை நீட்ட மாட்டார்" என்று மட்டும் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருந்தது.

ரயில் பாதை போட்டு அதிக காலம் ஆகவில்லை. லாயாங் லாயாங்கில் ஒரு வரிசைக் கடைகள், அதற்குப் பின்னால் ரயில்வே கூலிகளின் லயம், அதற்கப்பால் ரப்பர்க் கன்றுகள். ஆற்றை ஒட்டிக் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்கள். அங்கே ஆதமின் கடையில் தோட்டத்து ஆட்களுக்கு வேட்டி, சேலை, மலாய்க்காரர்களுக்குக் கைலி. கூடவே இன்னொரு வியாபாரமும் இருந்தது. எஞ்சின் துடைக்கவும் ரப்பர் ஆலை மெஷின் துடைக்கவும் கந்தல் துணி வேண்டும். பழைய துணியைக் கொண்டுவந்து போட்டால் எடைக்குத் தகுந்தபடி புதுத்துணி கிழித்துக் கொடுப்பார். அந்த மூட்டைகளைப் பிரித்து, பொத்தானைப் பிடுங்கி, தையலை வெட்டி, ஓர் அளவாகக் கிழித்துக் கட்டுவது ஜெய்னம்புவின் வேலை.

1914 என்று நினைக்கிறார்கள். மழை பிடித்திருந்த ஒரு நாள். ஆற்றங்கரைக் கம்பத்திலிருந்து வந்த மூட்டையில் கைவிட்டவளுக்கு விரலில் ஏதோ வழுக்கியது. இழுத்துப் பார்த்தாள். கருநீலத் துணி. சோழி வைத்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதில் வாழையிலை மாதிரிப் பளபளத்தது. அதன் மேல் சின்னச் சின்னப் பூக்கள், எல்லாம் பொன். ஒரு பக்கம் கரையான் தின்றிருந்தது. கொல்லைப்புற வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துணியை அசைக்க அசைக்கப் பூக்கள் அணைந்து அணைந்து எரிந்தன.

முன்கடைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

"மச்சான், இதப் பாருங்க."

ஆதம் பெருவிரல் நகத்தால் ஒரு பூவைச் சுரண்டினார். "தகடு ஒட்டியிருக்கான். உருக்குனா ஒண்ணும் தேறாது."

"உருக்கச் சொல்லல. நான் வச்சுக்கிறேன்."

"வச்சுக்க" என்றார். பிள்ளை கூழாங்கல் கேட்டால் அப்பன் சொல்வது போல இருந்தது அது.

அடுத்த முறை அந்தக் கம்பத்து ஆட்கள் வந்தபோது ஜெய்னம்பு விசாரித்தாள். மூட்டையைப் போட்டவள் சோம் என்ற பெண். படகுக்காரன் மனைவி, ஏறக்குறைய இவள் வயது. பின்கட்டுக்கு அழைத்து உட்கார வைத்து, மலாயில் கேட்டாள்.

"இது யாருது?"

"என் மாமியாரோட கல்யாணத் துணி. தீஜான்னு பேரு. செத்துப் பல வருசமாச்சு. கரையான் புடிச்சத வச்சு என்ன செய்ய, காக்?" அக்காவை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்.

"தீஜா" என்று ஜெய்னம்பு ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "அவங்க எப்படி இருப்பாங்க?"

சோம் சிரித்துவிட்டாள். மாமியாரைப் பற்றி அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் நிறையச் சொன்னாள். குள்ளம், கோபக்காரி, நீச்சல் தெரிந்தவள், வெற்றிலை இல்லாமல் பேச மாட்டாள். பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் அந்தப் பின்கட்டில் இன்னொரு பெண்ணின் குரல் அவ்வளவு நேரம் கேட்டது.

அதன்பிறகு ஜெய்னம்பு ஒவ்வொரு மூட்டையையும் நிதானமாகப் பிரித்தாள். நூலில் முன்னமே சாயமேற்றி நெய்த லீமார் பட்டு, முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சால்வை, பிள்ளைக்குத் தூளி கட்டி நைந்துபோன கைலி என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். பிறகு மூட்டைக்குக் காத்திருப்பதையும் விட்டாள். சோமின் படகில் ஏறிக் கம்பம் கம்பமாகப் போனாள். கையில் புதுக் கைலிகள் கொண்டு போவாள். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்வதில் பெண்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருத்தி துணியைக் கொடுத்துவிட்டு விரலை எடுக்கத் தயங்கினால் ஜெய்னம்பு அதை மடித்து அவள் மடியிலேயே வைத்துவிடுவாள். "உனக்கு வேணாம்னு ஆகுறப்போ சொல்லி அனுப்பு" என்பாள். சிலர் பல வருஷம் கழித்துச் சொல்லியனுப்பினார்கள்.

மலாயில் கந்தலுக்கு 'காயின் புருக்' என்று பெயர். அவளுக்குக் 'காக் புருக்' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். கந்தலக்கா. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் போய்விட்டது. ஆதம் ஊருக்குப் போனால் திரும்பி வர மாதக் கணக்கு ஆகும். அந்த மாதங்களில் கடையைத் திறந்து மூடுவாள், வந்தவர்களிடம் முழம் எவ்வளவு என்று சொல்வாள், அதைத் தவிரப் பேச்சு கிடையாது. மாலையில் ரயில் வந்து போனபின் ஊரே அடங்கிவிடும். அப்போது பாயை விரித்து, பெட்டியிலிருந்து ஒரு துணியை எடுத்து அதன்மேல் பரப்புவாள். பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். தீஜா, மைமூன், தோம், இலோக் என்று அந்தந்தத் துணிக்காரியின் பெயரைச் சொல்லி, கேட்டு வைத்த கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அவர்களில் பாதிப்பேர் அவள் பிறக்குமுன்பே மண்ணுக்குப் போனவர்கள்.

லயத்திலிருந்து பேச்சியம்மாள் வந்துபோவாள். அவள் புருஷன் லெட்சுமணன் தண்டவாளம் பார்க்கும் கூலி. கந்தல் துவைக்க வந்தவள், பழகிப் போனாள். அவளுக்கு இந்தத் துணிகள் புரியவில்லை, ஆனால் ஜெய்னம்புவைப் பிடித்தது.

"செத்தவ சீலைய வீட்டுல வைக்கக் கூடாதும்பாங்க எங்கள்ல" என்றாள் ஒரு நாள். "ஒங்களுக்குப் பயமா இல்லியாக்கா?"

"பயமா? இவங்கதான் எனக்குத் தொணை."

பேச்சியம்மாள் அடுத்த நாள் வரும்போது பூச்சி அண்டாமலிருக்க ஒரு பிடி வசம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

1926 டிசம்பரில் மலாயா முழுக்க வெள்ளம் வந்தது. ஆதம் தோப்புத்துறையில் இருந்தார். கடையில் அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்திறங்கிய புதுச்சரக்கு பிரிக்காமல் கிடந்தது. ஆறு கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கடையின் மேலே ஒரு சின்னப் பரண். அதில் ஏற்ற முடிந்தது கொஞ்சம்தான். ஜெய்னம்பு முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். இந்தப் பக்கம் புது மூட்டைகள். அந்தப் பக்கம் பழந்துணிகள் வைத்த கற்பூர மரப் பெட்டிகள்.

பேச்சியம்மாள் நீந்தாத குறையாக வந்து சேர்ந்தாள். "எதக்கா தூக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க."

"பெட்டியைத் தெற. துணியை மட்டும் எடு."

"புதுச்சரக்கு?"

"துணியை எடு, பேச்சி."

ஈரம் படாமல் தலைமேல் வைத்து ஒவ்வொரு கட்டாக ஏணியில் ஏற்றினார்கள். கடைசிக் கட்டு போனபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் பரணில் துணிகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து, கீழே புது மூட்டைகள் சேற்று நீரில் மெல்லத் திரும்பித் திரும்பி மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதம் வந்து இறங்கியபோது கடையில் இன்னும் சேற்று வாடை போகவில்லை. நடந்ததை ஜெய்னம்பு மறைக்காமல் சொன்னாள். அவர் கத்தவில்லை. பரணில் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன் ஜெய்னம்பு?"

"சரக்கு திரும்ப வாங்கலாம் மச்சான். இது வாங்க முடியாது."

"என் ஒழைப்பு அது. என்னை ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியா?"

நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. தண்ணீரில் நின்றபோது அவர் முகம் அவளுக்கு வரவே இல்லை. அதை அவர் அவள் முகத்திலேயே படித்துவிட்டார் போல. அன்றிலிருந்து முன்கடையில் படுக்கத் தொடங்கினார். சோற்றை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். அவளை வைததும் இல்லை, அடித்ததும் இல்லை. வேண்டியதைக் கேட்பார், கொடுத்ததைச் சாப்பிடுவார். ஒரே கூரைக்குக் கீழ் அப்படியே சில வருஷங்கள் போயின.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பின. ரயில்வேயும் கூலிகளைக் குறைத்தது. லெட்சுமணனுக்கு வேலை போனது. பேச்சியம்மாள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, ஊருக்குக் கப்பலேறும் முன் விடைபெற வந்தாள். இருவரும் கொல்லைப்புறத்தில் துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அங்க எனக்கு யாரத் தெரியும்?" என்றாள் பேச்சியம்மாள். "நாலு வயசுல வந்தேன்."

ஜெய்னம்பு அவளுக்கு ஒரு புதுச்சேலை கொடுத்தாள். பேச்சியம்மாள் தன் இடுப்பில் இருந்த பழைய சேலையைத் தொட்டு, "இத வாங்கிக்கிறீங்களா, ஒங்க பெட்டியில வைக்க?" என்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதாள். ஜெய்னம்பு அந்தச் சேலையை வாங்கித்தான் வைத்தாள்.

1931இல் ஆதமும் கடையை மூட முடிவு செய்தார். வெள்ளத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஊருக்குப் போயிடலாம்னு இருக்கேன். நீயும் வா. அங்க அவ இருக்கா, பிள்ளைங்க இருக்கு. உனக்கு ஒரு அறை ஒதுக்கச் சொல்றேன். மரியாதையா வச்சுக்குவாங்க."

"பெட்டிங்க?"

"கப்பல்ல இத்தனை பெட்டிய ஏத்தி, அந்த வீட்டுல எங்க கொண்டு வைக்கிறது? நாலு துணி எடுத்துக்க. புடிச்ச நாலு."

அவள் தலை குனிந்திருந்தாள். "நான் இங்கனயே இருக்கேன் மச்சான்."

"தனியாவா?"

"இப்ப மட்டும் எப்படி இருக்கேன்?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. ஆதம் எழுந்தார். போவதற்கு முன் கடை வீட்டை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ரயிலடிக்கு அவர் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். ரயில் வந்ததும் அவர் அவள் தலையில் கை வைத்தார். "அல்லா காவல்" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது.

ஆதம் ஊர் போய் இரண்டு வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது. ஜோகூர் பாருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ருக்னுதீன், ஆதமின் சொந்தக்காரர், ரயிலில் வந்து நேரில் சொன்னார். ஜெய்னம்பு இத்தா இருந்தாள். விதவை வெளியே வராமல் இருக்க வேண்டிய அந்த மாதங்கள் அவளுக்கு ஒன்றும் புதிதாக இல்லை. கதவு மட்டும்தான் சாத்தியிருந்தது. சோம் வாரம் ஒருமுறை மீனும் காய்கறியும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு தையல் அவளைக் காப்பாற்றியது. தோட்டத்து பங்களாக்களுக்குக் கொசுவலையும் தலையணை உறையும் தைத்தாள். சிங்கப்பூரிலிருந்து பழம்பொருள் வாங்குகிற ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, பொன்பூத் துணிகளை மட்டும் கேட்டார். கூரையை ஓடாக்கி, கடைசிவரை உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார். "தூளிக் கைலி வேணாமா?" என்று கேட்டாள். "அது கந்தல்தானே" என்றார் அவர். ஜெய்னம்பு பெட்டியை மூடினாள்.

1936இல் ரம்லா வந்தாள். ஜோகூர் பாருவில் மலாய்ப் பெண்பிள்ளைகள் பள்ளியின் ஆசிரியை. பூவேலை சொல்லிக்கொடுக்கப் பழைய மாதிரிகள் தேடி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். சோமின் கம்பத்தில் கேட்டபோது, "எல்லாம் காக் புருக் வாங்கிட்டுப் போயிட்டா" என்று கைகாட்டிவிட்டார்கள். காலை ரயிலில் வந்தவள் மாலை ரயிலில் போவதாக இருந்தாள். போகவில்லை. ஒவ்வொரு துணியாக விரிக்க விரிக்க, ஜெய்னம்பு பெயரும் கதையும் சொல்லச் சொல்ல, ரம்லா கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷத்தில் எல்லாத் துணிகளையும் அவற்றின் கதையோடு பார்க்க ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கிளம்பும்போது ரம்லா கேட்டாள். "உங்களுக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கு, காக்?"

"தெரியல. படுத்தா அந்த நெனப்புதான்" என்றாள்.

ரம்லா அரசாங்கத்தில் பேசினாள். ஓர் அதிகாரி வந்தார், மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் மாநிலத்துச் சொத்தாக ஏற்று, பொதுமக்கள் பார்க்க வைப்பதாகச் சொன்னார். ஜெய்னம்பு ஒன்று கேட்டாள்.

"பிரிக்கக் கூடாது. ஒவ்வொண்ணுலயும் அந்தப் பொம்பளை பேரை எழுதணும்."

அதிகாரி தயங்கினார். "துணியின் வகையை எழுதுவோம். வைத்திருந்தவர் பெயரெல்லாம் எழுதும் வழக்கமில்லையே."

"அவங்க இல்லாம இது வெறும் துணி, ஐயா."

அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் போனபின் ரம்லாவும் ஜெய்னம்புவும் சோமும் உட்கார்ந்து வெள்ளை நாடாவில் ஒவ்வொரு பெயராக ஜாவி என்ற அரபு வழி மலாய் எழுத்தில் எழுதி, அந்தந்தத் துணியின் ஓரத்தில் தைத்தார்கள். பள்ளி விடுமுறை முழுக்க அந்த வேலை நடந்தது. பேச்சியம்மாள் என்ற பெயரையும் ரம்லா எழுதினாள். ஜாவியில் அதை எப்படி எழுதுவதென்று மூவரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பெட்டிகளை ரயிலில் ஏற்றிய அன்று ஜெய்னம்பு நிலையத்துக்குப் போகவில்லை. பெட்டிகள் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. அதைக் கழுவினாள். காய்ந்ததும் மறுபடியும் கழுவினாள்.

1937இல் ஜோகூர் பாருவில் துணிக் காட்சியின் திறப்பு விழா நடந்தது. ருக்னுதீன் வீட்டில் தங்கி, ரம்லாவோடு போனாள். பெரிய மனிதர்கள் பேசினார்கள். பேச்சில் அவளை 'லாயாங் லாயாங் ஆதம் அவர்களின் விதவை' என்றார்கள். எல்லோரும் நகர்ந்தபின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். தீஜாவின் கருநீலம் விளக்கு வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தது. அசைத்தால்தானே அந்தப் பூக்கள் எரியும். துணியின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். நாடா தெரியவில்லை. அவள் கையைக் கண்ணாடியில் வைத்தாள். காவல்காரர் வந்து, "தொடாதீங்க மக்சே" என்றார், பெரியம்மா என்று அழைக்கும் பணிவோடு. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அந்த மடிப்புகள் பிரிக்கப்பட்டு, நாடாக்களில் இருந்த பெயர்கள் படிக்கப்பட்டு, துணிகளுக்குக் கீழே எழுதப்பட்டது மலாயா சுதந்திரம் பெற்று வெகுகாலம் கழித்து, அவற்றை நாட்டின் பொக்கிஷமாகத் தலைநகருக்கு எடுத்துப் போனபோதுதான். அப்போதுதான் வாசலில் அவள் பெயரும் ஏறியது. ஜெய்னம்பு அது எதையும் பார்க்கவில்லை.

திறப்பு விழாவிலிருந்து லாயாங் லாயாங் திரும்பிய பின்னும் அவள் தையலை விடவில்லை. ரம்லா விடுமுறைக்கு விடுமுறை வருவாள். பிள்ளைகள் எப்படி வரிசையில் நின்று துணிகளைப் பார்க்கிறார்கள் என்று சொல்வாள். ஜெய்னம்பு கேட்டுக்கொள்வாள். "சந்தோசமா இருக்கீங்களா?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "நல்லது செஞ்சேன். அது தெரியும்" என்றாள். "சந்தோசம் வேற, ரம்லா. சாயங்காலம் ஆனா கைக்கு வேலை இல்ல."

1939இல் நோன்பு மாதத்தில் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. சோமும் கம்பத்துப் பெண்களும் வந்து குளிப்பாட்டினார்கள். கம்பத்து ஆட்களே தோளில் சுமந்து ஆற்றுமேட்டு மையவாடியில் அடக்கினார்கள்.

செய்தி எட்டி ரம்லா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடை வீட்டு வாசலில் நின்றாள். துக்கம் விசாரிக்க வந்தவளுக்கு யாரிடம் விசாரிப்பதென்று தெரியவில்லை. ஜெய்னம்புவுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, உடன்பிறந்தவர்கள் இல்லை. உள்ளே சோம் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ரம்லாவைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு அந்த வெறும் தரையில் உட்கார்ந்தார்கள்.